ஃபுவா கிரா: டப்பாவைத் திறக்குமுன்

பிரான்சில் நவம்பர் கடைசியானால் போதும், சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் ஒரு வரிசை முழுக்க ஃபுவா கிராதான், அதாவது கொழுக்க வைத்த வாத்தின் ஈரல். கண்ணாடிப் புட்டி, தகர டப்பா, பிளாஸ்டிக்கில் சுற்றிய உருளை, காற்றெடுத்த உறையில் பச்சை ஈரல் என்று விதவிதமாக அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் தங்க நிற எழுத்து, எல்லாவற்றிலும் ஒரு வாத்துப் படம். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பெரிதாக வித்தியாசப்படும். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் வேலை பார்க்கும் ஈழத்தமிழர்களுக்கு இது பழகிய பொருள். வீட்டுக்கு வாங்கப் போகிறவர்களுக்கும், ஆபீஸ் விருந்தில் தட்டில் வந்து நின்றதும் தயங்குகிறவர்களுக்கும்தான் விளக்கம் தேவைப்படுகிறது. அதோடு இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது: வாத்தின் தொண்டைக்குள் குழாய் விட்டுச் செய்கிற பொருளாமே, இதைத் தொடலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ருசியில் குறை சொல்ல இடமில்லை. ஈரலை அரைத்துச் செய்த, விலை மலிவான ‘ப்ளோக்’ டப்பா காசுக்கு நஷ்டம். தயாரிக்கும் முறை வாத்தை வருத்துகிறது, அதனால் வழக்கமாக வாங்கும் பொருளாக இதைப் பரிந்துரைக்க முடியாது. இதை எதிர்க்கிறேன் என்று கலிபோர்னியாவில் ஒரு சமையற்காரர் வீட்டுக் காரில் அமிலம் ஊற்றியவர்களால் வாத்துக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

லேபிளில் என்ன படிக்க வேண்டும்

பிரெஞ்சுச் சட்டத்தில் 2006 முதல் ஃபுவா கிராவுக்கு ஒரு வரையறை இருக்கிறது. ‘கவாஜ்’ முறையில், அதாவது திணித்து ஊட்டிக் கொழுக்க வைத்த வாத்து அல்லது கூஸ் எனும் பெரிய வாத்தின் ஈரல் மட்டுமே ஃபுவா கிரா. நாட்டின் உணவு மரபாகவும் அதே சட்டம் அதை அறிவித்திருக்கிறது. ஆகவே பிரான்சில் ஒரு டப்பாவின்மேல் இந்தப் பெயர் இருந்தால் குழாய் வைத்து ஊட்டியது என்றே அர்த்தம். ‘பண்ணையில் சுதந்திரமாக வளர்ந்தது’ என்று கூடவே எழுதியிருந்தால், அது முதல் பன்னிரண்டு வாரத்தைப் பற்றிய பேச்சு, கடைசி நாட்களைப் பற்றியதல்ல. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வாத்து ஈரல் குறைந்தது 300 கிராம், கூஸ் ஈரல் 400 கிராம் இருக்க வேண்டும். சாதாரணமாக வளர்ந்த வாத்தின் ஈரல் 100 கிராமைக்கூட எட்டாது.

லேபிளில் முதலில் தேட வேண்டிய சொல் ‘ஆந்தியே’. முழுசு என்று பொருள். ஈரலின் மடலை அப்படியே வைத்துச் செய்தது இது. உப்பு, மிளகு, கொஞ்சம் சர்க்கரை, மது போன்றவை சேர்ந்திருக்கும். நிறம் மங்காமலிருக்கப் பல கம்பெனிகள் சோடியம் நைட்ரைட்டும் போடுகின்றன. வேண்டாம் என்றால் உட்பொருள் பட்டியலைப் பார்த்து, அது இல்லாத டப்பாவை எடுக்கலாம். அடைமொழி எதுவுமில்லாமல் ‘ஃபுவா கிரா’ என்று மட்டும் போட்டிருந்தால் பல ஈரல்களின் மடல் துண்டுகளைச் சேர்த்து அழுத்தியது. ‘ப்ளோக்’ என்றால் அரைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அச்சில் ஊற்றியது. வெட்டினால் துண்டு ஒரே சீராக, வெண்ணெய்க் கட்டிபோல இருக்கும், ஈரலின் மடிப்போ ரேகையோ தெரியாது. ‘துண்டுகளுடன் ப்ளோக்’ என்பதில் வாத்து என்றால் 30 விழுக்காடாவது, கூஸ் என்றால் 50 விழுக்காடாவது நிஜத் துண்டுகள் இருக்க வேண்டும். ‘பார்ஃபே’ என்றால் 75 விழுக்காடு ஈரல். ‘மூஸ்’, ‘பாத்தே’ என்றால் 50 விழுக்காடுதான், மிச்சம் வேறு கொழுப்பும் இறைச்சியும். டப்பா விலையைப் பார்த்து ஏமாறாமல் அலமாரிச் சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் கிலோ விலையை ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்த மூஸ் எவ்வளவு விலைகொண்டது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது வேகவைத்த பக்குவம். ‘மி-குயி’ என்றால் பாதி வெந்தது. 85 டிகிரிக்கு மிகாத சூட்டில் செய்து, 0 முதல் 4 டிகிரிக்குள் வைத்து விற்கிறார்கள். ருசி இதில்தான் நன்றாக நிற்கும், ஆனால் குளிர்பெட்டியை விட்டு வெளியே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். ‘கோன்செர்வ்’ 100 டிகிரிக்கு மேல் கிருமி நீக்கியது. சில வருஷம் அலமாரியில் கிடக்கும். மஞ்சள் கொழுப்பு தனியே பிரிந்து, ஈரல் கொஞ்சம் மணல் பதமாக இருக்கும். கர்ப்பிணிகள் பச்சையையும் மி-குயியையும் தவிர்க்க வேண்டும், லிஸ்டீரியா கிருமி அபாயம் உண்டு.

‘பிரான்சில் தயாரிக்கப்பட்டது’ என்ற வரியை மட்டும் நம்பக்கூடாது. ஹங்கேரியிலிருந்தோ பல்கேரியாவிலிருந்தோ வந்த ஈரலைப் பிரான்சில் டப்பாவில் அடைத்தாலும் அப்படி எழுத இடமிருக்கிறது. வாத்து எங்கே வளர்ந்தது என்று தேடிப் படியுங்கள். தென்மேற்குப் பிரான்சின் புவிசார் குறியீடான ‘சுத்-உவெஸ்ட்’ முத்திரை இருந்தால் வளர்த்ததும் ஊட்டியதும் பதப்படுத்தியதும் அந்தப் பகுதியிலேதான். இது தரத்துக்கும் ஊருக்கும் உத்தரவாதம், வாத்தின் நலனுக்கு அல்ல.

தொண்டையில் நடப்பது

பெரும்பாலான ஃபுவா கிரா வருவது ‘முலார்’ வாத்திலிருந்து. மஸ்கவி இன ஆண் வாத்தையும் பெக்கின் இனப் பெண் வாத்தையும் சேர்த்துப் பொரித்த கலப்பினம், தானாக இனம் பெருக்காது. பெரும்பாலும் ஆண்களைத்தான் கொழுக்க வைக்கிறார்கள். பெண் ஈரலில் நரம்பு அதிகம் என்பது காரணம். முதல் சில வாரம் கொட்டிலில், பிறகு புல்வெளியில். பன்னிரண்டு வாரம் நெருங்கும்போது தீனியை அளந்து வைத்து, பிறகு ஒரே வேளையில் நிறையத் தின்னப் பழக்கி, தொண்டையை விரிய வைக்கிறார்கள். அதன் பிறகு பிரான்சில் 10 முதல் 12 நாள், நாளுக்கு இரண்டு வேளை குழாய். அமெரிக்காவின் ஹட்சன் வேலி பண்ணையில் சின்ன அளவில், நாளுக்கு மூன்று வேளையாக, சுமார் மூன்று வாரம் ஊட்டுவது வழக்கம்.

குழாய் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். காற்றழுத்த பம்ப் என்றால் மக்காச்சோளக் கூழ் இரண்டு மூன்று விநாடியில் உள்ளே போய்விடும். பழைய திருகு இயந்திரத்தில் முழுச் சோளத்தை இறக்க ஒரு வாத்துக்கு முக்கால் நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம்வரை ஆகும். முதல் நாள் வேளைக்கு 200 கிராம் அளவில் தொடங்கி, கடைசி நாட்களில் 400 கிராமைத் தாண்டும். ஒரு வாத்துக்கு மொத்தம் சுமார் பத்துக் கிலோ சோளம் போகும். அத்தனை மாவுச்சத்தையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது, ஆனால் அதே வேகத்தில் வெளியே அனுப்ப முடிவதில்லை. கொழுப்பு ஈரலிலேயே தேங்க, எடை ஆறு முதல் பத்து மடங்கு ஏறுகிறது. ஊட்டுவதை நிறுத்தினால் சில வாரத்தில் ஈரல் பழையபடி சுருங்கிவிடும். தயாரிப்பாளர்கள் இதைத்தான் ‘நோய் அல்ல, இயற்கையான சேமிப்பு’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. வாத்தின் தொண்டை மனிதத் தொண்டை மாதிரியல்ல. முழு மீனை விழுங்கும் பறவை, மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதியில் தனியே இருக்கிறது, குழாய் போனால் மனிதனுக்கு மூச்சுத் திணறுகிற மாதிரி அதற்குத் திணறாது. வலசை போகும் பறவைகள் பயணத்துக்குமுன் ஈரலில் கொழுப்பு சேர்ப்பதும் நிஜம். ஆனால் முலாரின் தகப்பனான மஸ்கவி வலசை போகிற இனமே அல்ல. எந்தப் பறவையும் தானாகத் தின்று இந்த அளவுக்கு வருவதும் இல்லை.

இந்த விவாதத்தில் இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 1998 டிசம்பரில் தந்த அறிக்கை. திணித்து ஊட்டும் நாட்களில் வாத்துகள் சாகும் விகிதம் 2 முதல் 4 விழுக்காடு, ஊட்டப்படாத அதே வயது வாத்துகளில் 0.2 விழுக்காடு. அப்போது நடைமுறையில் இருந்த விதத்தில் திணித்து ஊட்டுவது பறவையின் நலனுக்குக் கேடு என்று அந்தக் குழு முடித்தது. எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரத்தில் குழாய் கீறினால் தொண்டையில் புண். காற்றோட்டமில்லாத கொட்டிலில் வாத்து வாய் பிளந்து இளைக்கும், கோடையில் அப்படியே செத்தும்போகும். கம்பித் தரையில் பாதம் வெடிக்கும். கனத்த உடம்போடு கூண்டிலிருந்து இழுக்கும்போது எலும்பு முறியும். ஒரு வாத்தை மட்டும் அடைத்து, தலையை வெளியே நீட்ட வைக்கும் தனிக்கூண்டுக்குப் பிரான்சில் கொடுத்திருந்த அவகாசம் 2015 கடைசியோடு முடிந்தது. இப்போது கூட்டுக் கூண்டுகள், திரும்பவும் இறக்கை விரிக்கவும் கொஞ்சம் இடம். முன்னேற்றம்தான், ஆனால் குழாய் அதே குழாய்.

கையில் வந்தபிறகு பக்குவம்

பச்சை ஈரல் வாங்குவதானால் 450 முதல் 550 கிராமுக்குள் இருப்பதை எடுங்கள். 600ஐத் தாண்டினால் சட்டியில் உருகி ஓடும் கொழுப்பு அதிகம். நிறம் தந்தம்போல வெளிர்ந்து சீராக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் லேசாகக் குழிந்து தடம் நிற்க வேண்டும். பச்சைக் கறை தெரிந்தால் பித்தம் பட்டிருக்கிறது, அந்த இடத்தை வெட்டி எறியாவிட்டால் முழுதும் கசக்கும்.

அச்சில் அழுத்தி மெல்ல வேகவைத்து, ஆறவிட்டுத் துண்டு போடுகிற தெரீனுக்கு ஈரலை ஒரு மணி நேரம் வெளியே வைத்து மென்மையாக்கிய பிறகுதான் தொட வேண்டும். குளிர்ந்தபடியே பிரித்தால் நொறுங்கும். இரண்டு மடலையும் கையால் பிரித்து, அடிப்பக்கத்திலிருந்து நடு நரம்பைத் தேடி, கத்தி முனையால் சதையை விலக்கி, மெதுவாக இழுங்கள். ஈரல் கிழிந்தால் கவலை வேண்டாம், வேகும்போது ஒட்டிக்கொள்ளும். நரம்பு மிச்சமிருந்தால் துண்டு போடும்போது சிவப்புக் கோடாகத் தெரியும். 500 கிராமுக்கு 6 முதல் 7 கிராம் உப்பு, ஒன்றரை கிராம் மிளகுத்தூள், ஒரு கிராம் சர்க்கரை. கண் அளவு வேண்டாம், தராசில் நிறுங்கள்: இரண்டு கிராம் உப்பு கூடினாலே கெட்டுவிடும். இரவு முழுக்க குளிர்பெட்டியில் ஊறட்டும். மறுநாள் அச்சில் இடைவெளியில்லாமல் அழுத்தி, வெந்நீர்த் தட்டில் இறக்கி, 100 டிகிரி ஓவனில் நடுப்பகுதி 55 முதல் 58 டிகிரி வரும்வரை வையுங்கள். சுமார் 40 நிமிஷம் ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பாமல் குத்து வெப்பமானியை நம்புங்கள். 65ஐத் தாண்டினால் ஈரல் பாதியாகச் சுருங்கி மஞ்சள் கொழுப்பில் மிதக்கும். எடுத்த கொழுப்பை வடித்து வைத்துக்கொண்டு, மேலே அரைக்கிலோ கனம் ஏற்றி ஆறவிட்டு, பிறகு அதே கொழுப்பை உருக்கி மேலே மூட வேண்டும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால்தான் உப்பும் மிளகும் ஒன்றாகச் சேரும்.

வறுக்கிற முறை இதற்கு நேர் எதிர். அங்கே ஈரல் சில்லென்று இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, எண்ணெய் விடாத காய்ந்த சட்டியில், பக்கத்துக்கு 40 முதல் 60 விநாடி. உறைந்த துண்டு என்றால் உருகவிடாமல் நேராகச் சட்டியில் போடலாம். மெல்லிய துண்டு, ஆறிய சட்டி, ஒரே நேரத்தில் ஆறு துண்டு என்று இதில் எதைச் செய்தாலும் மேல்தோல் பிடிக்குமுன் உள்ளே உருகிவிடும். நாட்டுக்கோழி ஈரலை மிளகு போட்டுப் புரட்டும் கைப்பழக்கத்தில் இதை வதக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் சட்டியில் கொழுப்பு மட்டும்தான் இருக்கும்.

பரிமாறும்போது தெரீன் என்றால் ஆளுக்கு 40 முதல் 50 கிராம் போதும். சாப்பிடுவதற்குக் கால் மணிமுன் வெளியே எடுத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டி, ரொட்டிமேல் வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சூடு, உப்பு, இனிப்பு மூன்றும் அளவாகச் சேர்ந்தால் உறைந்த நெய் வாயில் கரைகிற மாதிரி ஓர் இதம், அதன்பின் மெல்ல ஈரல் வாசம். இந்த ருசிக்கு வேறு எதுவும் ஈடாகாது என்று சமையற்காரர்கள் சொல்வதில் மிகையில்லை.

சிமென்ட், அமிலம், பசை

கலிபோர்னியாவில் 2003 கோடையில் நடந்ததை இந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் அக்வா உணவகத் தலைமைச் சமையற்காரர் லோரான் மன்ரீக், சோனோமா ஊரில் கூட்டாளிகளோடு ஒரு ஃபுவா கிரா கடை திறக்கும் ஏற்பாட்டில் இருந்தார். ஃபுவா கிராவை எதிர்ப்பவர்கள் அவர் வீட்டில் சிவப்புச் சாயம் அடித்தார்கள், காரில் அமிலம் ஊற்றினார்கள், பூட்டுகளில் பசை விட்டார்கள். அவர் குடும்பத்தை வெளியே இருந்து படம் பிடித்த வீடியோவையும் போட்டுவிட்டுப் போனார்கள். சில வாரத்தில் கடைக்குள் புகுந்து, சுவரில் எழுதி, தண்ணீர்க் குழாய்களில் சிமென்ட் ஊற்றி அடைத்து, குழாயைத் திறந்து விட்டார்கள். தண்ணீர் பெருகிப் பக்கத்துக் கடைகளுக்குள்ளும் போயிற்று. அந்தக் கடைக்காரர்கள் வாத்து ஈரல் விற்பவர்களும் இல்லை.

இதே காலத்தில் வேறு சிலர் சோனோமா ஃபுவா கிரா பண்ணைக்குள் போய், கேமராவில் பதிவு செய்து, சில வாத்துகளைத் தூக்கிக்கொண்டு, முகத்தை மறைக்காமல் வெளியே வந்தார்கள். அதுவும் அத்துமீறல்தான், அவர்கள்மேல் வழக்கும் வந்தது. ஆனால் அவர்கள் காட்டிய படத்தை நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைத்துப் பேச முடிந்தது. சிமென்ட் ஊற்றியவர்களிடம் காட்ட ஒரு படமும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே பெயரில் ‘தீவிரவாதம்’ என்று சொல்வது தவறு, இரண்டையும் ஒரே பெயரில் ‘போராட்டம்’ என்று மன்னிப்பதும் தவறு. பண்ணைக்குள் திடீரென நுழைவதில் இன்னொரு கேடும் உண்டு: செருப்பிலும் சட்டையிலும் பறவைக் காய்ச்சல் கிருமி போகும். ஒரு கொட்டிலில் நோய் தெரிந்தால் பண்ணையின் அத்தனை வாத்தையும் அழிப்பார்கள். பிரான்சு 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதே அந்தக் காய்ச்சல் பண்ணைகளை வருஷக்கணக்கில் காலி செய்ததால்தான்.

கலிபோர்னியாவில் தடைச் சட்டம் 2004இல் நிறைவேறியது. வன்முறைக்குப் பயந்து வந்த சட்டம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் உள்ளடக்கம் வேறு கதை சொல்கிறது. சோனோமா பண்ணைக்கு ஏழரை வருஷ அவகாசம், அதுவரை வழக்குகளிலிருந்து பாதுகாப்பு. பேரம் பேசி எழுதிய சட்டம் அது, பண்ணை உரிமையாளரே கடைசியில் ஆதரித்தார். 2012 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 2015இல் ஒரு நீதிபதி நிறுத்தினார், 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2020இல் வெளிமாநிலத்திலிருந்து தனிநபர் தபாலில் வாங்கலாம் என்று ஒரு தீர்ப்பு வந்தது. கலிபோர்னியாவில் உணவகத்தில் கிடைக்காத பொருள் வீட்டு வாசலுக்கு வருவது இதனால்தான்.

சிகாகோ 2006இல் அவசரமாக ஒரு தடை போட்டது, 2008 மே மாதம் நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஹாட் டாக் கடை ஒன்றுகூட ஃபுவா கிரா போட்டு விற்று, 250 டாலர் அபராதம் கட்டியது. அதுவரை அந்தப் பெயரைக் கேட்டிராதவர்களும் ருசி பார்க்க வந்தார்கள். மக்கள் மனத்தில் பதியாமல் மேலிருந்து விழும் தடைக்கு இதுதான் கதி. இரவில் வந்து விழும் கல்லும் அப்படித்தான். கல்லெறிபட்ட சமையற்காரர் வாத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தன் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார், ஊரும் அவர் பக்கம் நிற்கிறது.

எதிர் உதாரணத்தையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மிட்சம்மர் ஹவுஸ் உணவகத்தை 2008இல் விலங்கு விடுதலை முன்னணியின் பெயரில் தாக்கினார்கள். உணவகம் மெனுவிலிருந்து ஃபுவா கிராவை எடுத்துவிட்டது. பயம் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பயம் ஒரு கதவைத்தான் சாத்தியது, நாட்டில் விற்பனை நிற்கவில்லை. லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை முன்னால் பீட்டா வருஷக்கணக்கில் அட்டை பிடித்து நின்றது, கடிதம் எழுதியது, பிரபலங்களைப் பேச வைத்தது. 2021இல் அந்தக் கடையே விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவில் வுல்ஃப்காங் பக் தன் உணவகங்கள் அனைத்திலும் 2007இல் நிறுத்தியது விலங்கு நல அமைப்புகளோடு உட்கார்ந்து பேசிய பிறகு. இஸ்ரேல் அந்தக் காலத்தில் பெரிய உற்பத்தி நாடுகளில் ஒன்று. அங்கே 2003இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பிறகு தொழிலே மூடியது. ஒரு கல்லும் இல்லாமல் நடந்தவை இவை, கணக்கில் கல்லெறிந்ததைவிடப் பெரியவை.

தமிழ்நாட்டில் பீட்டா என்றதும் 2017 ஜனவரியும் மெரினாவும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோபத்தோடு இந்த டப்பாவைப் பார்த்து, ‘அவர்கள் எதிர்த்தால் நல்லதாகத்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. யார் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, ஊட்டும் நாட்களில் சாகும் வாத்துகள் 2 முதல் 4 விழுக்காடு என்ற எண்ணைப் பாருங்கள்.

உணவகத்தில் மெனுவில் கண்டால் சண்டை வேண்டாம், மூன்று கேள்வி போதும். ஈரல் எந்த நாட்டு வாத்து? கூட்டுக் கூண்டா, தரையிலா? இதற்குப் பதில் வேறு என்ன தருவீர்கள்? ஒரு மாலையில் நாலு மேசையிலிருந்து இந்தக் கேள்வி போனால் சமையலறை வரை சேதி எட்டும்.

பதிலுக்கு என்ன

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுராவில் எதுவார்தோ சோசா என்பவரின் பண்ணை, கூஸ்களைக் குழாய் வைக்காமல் ஓக் கொட்டையும் ஆலிவும் மேயவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில் மட்டும் அறுக்கிறது. 2006இல் பாரிஸ் உணவுக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தபோது பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். அளவு மிகக் குறைவு, விலை மிக அதிகம்.

பெல்ஜியத்தின் விலங்குரிமை அமைப்பான காயா வெளியிடும் ‘ஃபோ கிரா’ தாவரப் பொருள். ரொட்டியில் தடவ நல்லது, மசாலா வாசம் முன்னால் நிற்கும். ஃபுவா கிராவோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான், தனியாகச் சாப்பிட்டால் குறையில்லை. வறுக்க ஆகாது.

வீட்டில் செய்ய இரண்டு வழி. முதலாவது கோழி ஈரல் பார்ஃபே: 400 கிராம் ஈரலைப் பித்தக் கறை நீக்கி, இரண்டு மணி நேரம் பாலில் ஊறவைத்து, நாலைந்து சின்ன வெங்காயத்தோடு வதக்கி, உள்ளே 70 டிகிரி வந்ததும் இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியபின் 250 கிராம் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைத்து, சல்லடையில் தேய்த்து எடுப்பது. அதிகம் வெந்தால் மணலாகும், கொதிக்கக் கொதிக்க வெண்ணெய் சேர்த்தால் பிரிந்துவிடும். இரண்டாவது சைவம்: 150 கிராம் முந்திரியை நாலு மணி நேரம் ஊறவைத்து, 200 கிராம் பட்டன் காளானை நீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்கி, 60 கிராம் வாசனை நீக்கிய தேங்காய் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி மீசோ (ஜப்பானிய சோயா விழுது), அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு சிட்டிகை கிராம்பு பட்டைத்தூள் சேர்த்து நைசாக அரைத்து, ஆறு மணி நேரம் குளிரவிட வேண்டும். காளானில் ஈரம் இருந்தால் உறையாது. செக்குத் தேங்காயெண்ணெய் போட்டால் அதன் வாசம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியா 2014 ஜூலையில் ஃபுவா கிரா இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. இறக்குமதிக்கே தடை விதித்த முதல் நாடு இந்தியாதான். சென்னைக்குப் பரிசாக டப்பாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். அதே அலமாரியின் அடுத்த தட்டில் ஆர்தேஷ் பகுதிச் செஸ்ட்நட் கூழ் டப்பா இருக்கும். விலை கால்வாசி, குளிர்பெட்டி வேண்டாம், சைவம் சாப்பிடுகிற அத்தைக்கும் கொடுக்கலாம்.